பச்சை வல்லாரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் வல்லாரை என்றால் பெரும்பாலும் துவையல்தான். இலங்கையில் அதைப் பச்சையாகவே சம்பல் போடுவார்கள். பொடியாக அரிந்த இலை, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். அதனால்தான் கீரையை எங்கே பறித்தோம் என்பது ரொம்ப முக்கியம்.

வாய்க்கால் கரை, வயல் வரப்பு, கிணற்றடி என்று ஈரம் நிற்கிற இடமெல்லாம் வல்லாரை படரும். சாக்கடை ஓரத்தில் இன்னும் கொழுகொழுவென்று வளரும். அந்தத் தளதளப்பைப் பார்த்துப் பறிப்பதுதான் பெரிய தவறு. மண்ணில் இருக்கும் ஈயம் போன்ற உலோகங்களை இந்தச் செடி உறிஞ்சித் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். பத்து தண்ணீரில் அலசினாலும் அது போகாது. சாக்கடை, பட்டறைக் கழிவு, போக்குவரத்து மிகுந்த சாலையோரம் இங்கெல்லாம் கைவைக்காதீர்கள்.

ஆடு மாடு மேயும் குளக்கரையில் வேறு ஆபத்து. கால்நடைச் சாணத்தோடு தண்ணீரில் சேரும் ஈரல் தட்டைப்புழு, நத்தைக்குள் வளர்ந்து வெளியே வந்து, நீரோரச் செடிகளில் நுண்ணிய கூடாக ஒட்டிக்கொள்ளும். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். மண் போகும், சிறு பூச்சி போகும். ஒட்டிய கூட்டுக்கு அந்தத் தண்ணீரை நம்ப முடியாது. அந்தக் கீரையை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாகச் சாப்பிட ஆசை என்றால், வேர்விட்ட கணுவோடு ஒரு துண்டுக் கொடியைத் தொட்டியில் நட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், செடி மாறிப்போவது. வல்லாரை என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்த செடி, எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடுகிடுவென்று வளர்ந்தது. ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தேன். வட்டமான இலையின் நட்டநடுவில் காம்பு, குடைக்குக் கம்பி போல. வல்லாரைக்குக் காம்பு அங்கே இருக்காது. அதன் இலை சிறுநீரக வடிவில், ஓரமெல்லாம் சின்னச் சின்ன வளைவுகளோடு இருக்கும். காம்பு சேரும் இடத்தில் இலை பிளந்திருக்கும். பறிக்கும்போதெல்லாம் அந்தப் பிளவைத் தேடுங்கள். வேரோடு பிடுங்காமல் காம்பைக் கிள்ளினால் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஞாபகசக்திக்கு நல்லது என்று தினமும் கட்டுக்கட்டாகத் தின்பதும் வேண்டாம். ஈரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் வல்லாரை மாத்திரை, பொடி பக்கம் போகவே கூடாது.

சம்பலுக்கு இளம் இலைதான் சுகம், முற்றினால் கசக்கும். உப்பையும் எலுமிச்சையையும் முதலிலேயே சேர்த்துவிட்டால் இலை தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். சோறு போட்ட பிறகு பிழியுங்கள்.