தோட்டத்துக் கோயிலின் கதையை எழுதுவது எப்படி: பாலாலயத்துக்கு முன் செய்ய வேண்டியவை

உங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்வதாகப் பேச்சு எழுந்துவிட்டதா? அப்படியென்றால் இந்த வாரமே கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். பாலாலயம், அதாவது திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்கு, முடிந்ததும் உடைப்பு வேலை தொடங்கிவிடும். சுவரோடு சேர்ந்து அதில் எழுதியிருந்த பெயர்களும் போய்விடும். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் டிவிசன் (தோட்டப் பிரிவு) மாரியம்மன் கோயிலைப் பற்றி எழுதியபோது நான் செய்த முறையைச் சொல்கிறேன்.

வந்த கையோடு உள்ளே போகாதீர்கள். பின்பக்கம், மரத்தடி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை எல்லாம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மண்டபம் புதிதாக இருந்தாலும், முதன்முதலில் கும்பிட்ட கல்லோ சூலமோ பெரும்பாலும் வெளியே எங்காவது இருக்கும். மரத்தடிக் கல், தகரக் கூரை, சீமெந்துச் சுவர், கோபுரம் என்றுதான் நம் கோயில்கள் பலவும் வளர்ந்தன. இதில் எது எது மிஞ்சியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபெக்டரிப் பக்கம் இயந்திரச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனியோ, மலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குக் கும்பிடும் கவ்வாத்துச்சாமியோ இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் இல்லையென்று விட்டுவிட வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த சாமிகள் அல்ல அவை, தோட்டத்து வேலையே பெற்றெடுத்த சாமிகள்.

அடுத்து மணி. அதில் உபயகாரர் பெயரோடு தமிழ் வருடம் பொறித்திருக்கலாம். எங்கள் மணியில் ‘ஆங்கிரச’ என்று இருந்தது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் அது 1872ஆக இருக்கலாம், 1932ஆக இருக்கலாம், 1992ஆகவும் இருக்கலாம். 1872இல் இந்த மலைகளில் கோப்பி (காப்பி) பயிர். 1932இல் தேயிலையும், ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணியும். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது. எந்தக் காலத்து மணி என்பதை மணியே சொல்லாது, வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் லயத்துப் (தொழிலாளர் வரிசைவீடு) பாட்டி ஒருவர், தன் அம்மா பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது இந்த மணியைத் தப்படித்து ஊர்வலமாகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1933. ஆக, அது 1932இன் ஆங்கிரச. மணி வேறு தோட்டத்திலிருந்து வந்திருக்கவும் கூடும் என்பதால், மணியின் வயதைக் கோயிலின் வயதாக எழுதிவிடாதீர்கள்.

பெரியவர்களிடம் “எந்த வருசம்?” என்று கேட்டால் பதில் வராது. “இந்தியாவுக்குப் போனவங்க போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”, “தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்ப இந்தக் கூரை இருந்துச்சா?” என்று கேளுங்கள். முதலாவது, மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளைப் பிடித்துத் தரும், இரண்டாவது 1970களின் நடுப்பகுதியை. பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். தலைவர்மாரின் கதையில் கங்காணியும் தோட்ட நிர்வாகியான துரையும்தான் வருவார்கள். கல் சுமந்தது யார், கோயில் சந்தா யார் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதெல்லாம் கொழுந்தெடுத்த பாட்டிகளின் வாயிலிருந்துதான் வரும். கொழுந்தை எடைபோட்டு, வீட்டு வேலையும் முடிந்த பிறகு போங்கள்.

உபயகாரர் கல்வெட்டை எழுத்துப்பிழையோடு அப்படியே நகலெடுங்கள். பெயருக்கு முன்னால் முசிறி, துறையூர், நாமக்கல் என்று தமிழ்நாட்டு ஊர் இருந்தால் அது பெரிய செய்தி. எந்த ஊர்க்காரர்கள் இந்த மலைக்கு வந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. ஒரே தோட்டத்தில் ஏன் இரண்டு மூன்று கோயில்கள் என்று கேட்கும்போது சாதிப் பேச்சு வரும். அதையும் எழுதுங்கள், ஆனால் இன்றிருக்கும் எந்தக் குடும்பத்தையும் சுட்டிக்காட்டாமல்.

அளவெடுப்பது அரைநாள் வேலை. கருவறை, மண்டபம், தூண்களின் எண்ணிக்கை, வாசல் எந்தத் திசை, அவ்வளவு போதும்.

படம் எடுப்பதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். தோட்டத்து மேசன் சீமெந்தில் செய்த சிங்கம், துவாரபாலகர், சுவரில் வரைந்த மயில், எல்லாவற்றையும் கிட்ட நின்று எடுங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு, அதேபோல நமக்கும் வேண்டும் என்று கமிட்டிகள் ஆசைப்படுகின்றன. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்துவந்த நம் ஆட்கள் மலையேறிய வழியில் நிற்கும் கோயில் அது, அந்தக் கம்பீரம் அதற்குத் தகும். ஆனால் அந்தக் கோபுரத்துக்காக எங்கள் மேசனின் சிங்கத்தை உடைப்பதை என்னால் ஏற்க முடியாது. கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். சிங்கம் இப்போது மடப்பள்ளிச் சுவரோரம் பத்திரமாக இருக்கிறது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

எழுதி முடித்ததும், சொன்னவர்களுக்கே முதலில் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். பிறகு ஒரு பிரதியைக் கோயில் கணக்குப் பெட்டியிலும், ஒன்றைத் தோட்டப் பாடசாலையிலும் வையுங்கள். இணையத்தில் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்துக்கும் ஒன்றை அனுப்பிவிடுங்கள்.