கண்டங்கத்திரிக் கஷாயம்: முள்ளைச் சமாளித்தால் பாதி வேலை முடிந்தது

ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் உடைமர நிழலிலும் கண்மாய்க் கரையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் முள்செடிதான் கண்டங்கத்திரி. நெஞ்சில் சளி கட்டினால் எங்கள் அப்பத்தா இதைத்தான் தேடுவார். காய்ச்சுவது சுலபம். கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாடு.

1. அடையாளம் பாருங்கள். பூ கத்திரிப் பூ மாதிரி ஊதா, நடுவில் மஞ்சள். காய் சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிது. பச்சையில் வெள்ளை வரி ஓடும், பழுத்தால் மஞ்சளாகும். இலை நரம்பில்கூட நேர்நேராக மஞ்சள் முள். பக்கத்திலேயே பிரம்மதண்டும் முளைத்திருக்கும், கவனம். அது நிமிர்ந்து நிற்கும், பூ மஞ்சள், தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். அது விஷம். அதன் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால்தான் 1998-இல் டெல்லியில் பலர் இறந்தார்கள்.

2. மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து, சாக்கில் தள்ளுங்கள். சாலையோரச் செடியும் இறால் பண்ணைக் கழிவுநீர் ஓடும் இடத்துச் செடியும் வேண்டாம். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்கலாம் என்று ஒருமுறை நினைத்தேன். முள் கட்டைவிரலில் ஒடிந்து, இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை. தோல் கையுறைதான் சரி.

3. வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாம் சேர்ந்ததுதான் சமூலம். மண் போக அலசி, நிழலில் மொறமொறவென்று காயவிட்டு, உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். காய்ந்தாலும் முள் மழுங்காது.

4. இடித்தது 10 கிராம், ஒரு துண்டு சுக்கு, 2 திப்பிலி, தண்ணீர் 400 மில்லி. சிறுதீயில் 100 மில்லியாகச் சுண்டட்டும். கசப்பு தாங்காதவர்கள் இறக்குமுன் கருப்பட்டி தட்டிப் போடலாம்.

5. டீ வடிகட்டி போதாது. வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். ஒரு முள் தப்பினாலும் தொண்டையில் குத்தும்.

பெரியவர்களுக்குக் காலை 50, மாலை 50 மில்லி, மூன்று நாள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். வேறு மருந்து சாப்பிடுபவர்கள் சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அப்புறம், பழ விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் சொத்தைப் பல்லிலிருந்து பூச்சி விழும் என்பார்கள். சொத்தையில் பூச்சியே கிடையாது, அது பாக்டீரியா செய்யும் வேலை. அந்தப் புகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மிச்சக் கஷாயத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள், தினமும் புதிதாகக் காய்ச்சுங்கள்.