மெரியன் டிசைனில் முதலில் காணாமல் போவது புழுதான்

பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியன், தென் அமெரிக்காவின் சுரினாமில் பார்த்த பூச்சிகளைப் பற்றி 1705-இல் வெளியிட்ட நூலின் முதல் படம் அன்னாசி. கூடவே கரப்பான்பூச்சிகள். இதை வால்பேப்பராக்குகிறவர்கள் முதல் வேலையாகக் கரப்பானை அழித்துவிட்டு, மிச்சத்துக்கு ‘மெரியன் பாணி’ என்று பெயர் வைக்கிறார்கள். வெறும் அன்னாசிக்கு மெரியன் எதற்கு?

புழு பூச்சிகள் சேற்றிலிருந்து தானாகப் பிறக்கின்றன என்று பலர் நம்பிய காலம் அது. 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்துப் பார்த்தவர் மெரியன். முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும், அந்தப் புழு தின்னும் செடியோடு ஒரே தாளில் கொண்டுவந்தார். புழு கடித்த இலையைச் சீராக்கி, பட்டாம்பூச்சியை வெட்டி வேறொரு பூவின்மேல் ஒட்டினால் (நானும் ஒட்டியிருக்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது) அவர் கண்டுபிடித்தது போய்விடும். பேட்டர்னுக்குச் சின்னத் துண்டு போதுமென்றால், புழுவும் அது தின்னும் இலையும் சேர்ந்த துண்டாக எடுங்கள்.

அதற்காகத் துணியில் அச்சிடுவதே அவமரியாதை என்று தயங்க வேண்டாம். 1675 முதல் அவர் வெளியிட்ட பூ நூல்களே எம்பிராய்டரிக்கு மாதிரியாகப் பயன்பட்டவைதான்.

இணையத்தில் கிடைத்த ஒரு படத்திலிருந்து நிறத்தை எடுத்து ‘மெரியன் வண்ணம்’ என்பது இன்னொரு தவறு. செப்புத்தகட்டில் அச்சிட்டு, பிறகு கையால் வண்ணம் பூசியவை இவை. பிரதிக்குப் பிரதி நிறம் மாறும். ஈரம் காயாத அச்சின்மேல் வேறு தாளை அழுத்தி எடுத்த பிரதிகளும் உண்டு. அவற்றில் கோடு மென்மையாக இருக்கும், படம் இடவலமாகத் திரும்பியிருக்கும். இரண்டு வகையையும் கலந்தால் ஒரே டிசைனில் கோட்டின் அழுத்தம் ஒட்டாது. அவர் இருந்தபோது வந்த நூலில் 60 படங்கள். இறந்தபின், 1719 பதிப்பில், 12 கூடின. எதை எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, 45-ஆம் படமான மயில்கொன்றை. சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் என்பதால் குழந்தைகள் அறைத் திரைச்சீலைக்குக்கூடத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். படத்தோடு அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்: தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்று அடிமைப் பெண்கள் இதன் விதையால் கருவைக் கலைத்தார்கள், அதை அவர்களே தன்னிடம் சொன்னார்கள்.