மலைப் போட்டியைப் பயிற்சியாக ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போட்டி முடிந்த மறுநாள் காலை மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கியிருக்கிறீர்களா? நான் இறங்கியிருக்கிறேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. முந்தைய நாள் சேர்வராயன் மலையில் ஓட்டம், சைக்கிள், வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது என மூன்றும் கலந்த சாகசப் போட்டி. ஆறு வாரத்தில் வரவிருந்த பெரிய போட்டிக்கு ஒரு பயிற்சி, அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். கொடி அசைந்ததும் முன்னால் போனவரின் முதுகு மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. பயிற்சியாவது ஒன்றாவது! அதன்பின் பத்து நாள் ஓடவே முடியவில்லை.

எதைச் சோதிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் போனதுதான் நான் செய்த தவறு. புது ஷூவா, சாப்பாடா, இறக்கமா, வரைபடமா? இரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். எத்தனையாவது இடம் என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏற்றத்துக்குப் பயந்து தயாராகும் பலர் இறக்கத்தை ஓய்வு என்று நினைக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. அதில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்குப் போகும். இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஒருமுறை அளவாக அடி வாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு செய்யும். பெரிய போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் உள்ளூர் மலையில் ஓடுவதன் முக்கியமான லாபமே இதுதான். சின்னச் சின்ன எட்டாக வைத்து இறங்குங்கள்; குதிகாலை ஊன்றிப் பிரேக் போடாதீர்கள்.

பிரேக் என்றதும் சைக்கிள் நினைவுக்கு வருகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது பிடியைத் தளர்த்த வேண்டும். பேருந்து ஏறி வருகிறதென்றால் ஒதுங்கி நில்லுங்கள். அங்கே மிச்சமாகும் பத்து விநாடியால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

"பத்து கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம்" என்பது சமவெளிக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: நடந்து போக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. பத்து கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் மூன்று மணி நேரம். ஓடுகிறவருக்கு இது குறையும், ஆனாலும் தண்ணீரையும் தீனியையும் இதை வைத்தே திட்டமிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். பாக்கெட்டில் வரும் பழக்கமில்லாத எனர்ஜி ஜெல்லைவிட வாழைப்பழமும் கடலை மிட்டாயும் வயிற்றுக்கு நல்லது. தாகமே இல்லாமல் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்குத்தான் அந்த அபாயம் அதிகம்.

மழைச்சட்டையை வீட்டில் விட்டுப் போவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் வந்து, 172 பேரில் 21 பேர் குளிரில் இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையோடு ஓடியவர்கள். அந்த இடத்தின் உயரம் 2,000 மீட்டர் சொச்சம். நம் ஊட்டியே 2,240 மீட்டர்.

லடாக் போகிறவர்களுக்கு ஒன்று. ஏற்காட்டின் 1,500 மீட்டர், 3,500 மீட்டரில் இருக்கும் லேவுக்கு உடலைப் பழக்காது. கால் பலம் கிடைக்கும், அவ்வளவுதான். மூச்சுக்கு அங்கே போய்த் தங்கித்தான் ஆக வேண்டும்.

குழுவாகப் போனால் வரைபடத்தை ஒருவரிடமே விட்டுவிடாதீர்கள். அவர் களைத்துவிட்டால் நான்கு பேரும் சேர்ந்து வழி தவறுவீர்கள். எங்களுக்கு அது நடந்தது. காபித் தோட்ட வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சண்டை போட்டே இருபது நிமிடம் போனது. அப்புறம், வழியைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது.

போட்டி முடிந்த அன்று இரவே பையைக் கொட்டிப் பாருங்கள். பிரிக்காத கடலை மிட்டாய் எத்தனை, பாட்டிலில் மிச்சம் எவ்வளவு, எந்த இடத்தில் கொப்புளம் என்று குறித்துவையுங்கள். இரண்டு நாள் போனால் பதக்கத்தோடு எடுத்த போட்டோதான் ஞாபகத்தில் நிற்கும்.