வயிற்றுப்போக்கிலிருந்து எங்கள் பாப்பா மீண்டு வந்தது

எட்டு மாதக் குழந்தைக்கு ரோட்டா வைரஸால் வயிற்றுப்போக்கும் வாந்தியும். உச்சிக்குழி உள்வாங்கிவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழையபடி ஆனது. எல்லாம் உடலில் நீர் வற்றியதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, பொடி முழுவதையும் கரைக்க வேண்டும். கண் அளவில் கலந்தால் உப்பு கூடிவிடலாம். அது குழந்தைக்கு ஆபத்து. 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிடுவோம். பாட்டிலில் கொடுத்தபோது மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கினாள். சரி என்று கரண்டிக்கு மாறினோம். ஒரு கரண்டி, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொரு கரண்டி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடியும். ராத்திரியெல்லாம் நானும் கணவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். அதில்தான் அவள் தேறினாள் என்று உறுதியாகச் சொல்வேன்.

தாய்ப்பாலை நிறுத்தவில்லை. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு; மருத்துவர் கூடவே கூடாது என்றார். ஜிங்க் மருந்தை, போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுத்தோம். போக்கை நிறுத்தும் மாத்திரைகளைக் கைக்குழந்தைகளுக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டயப்பர் நன்றாக நனைகிறதா என்பதைத்தான் தினமும் பார்த்தேன். மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு, இதில் எது தெரிந்தாலும் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்படி எதுவும் வரவில்லை. எடையும் மெல்ல ஏறியது.