உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தண்ணீர் மோட்டார் கருகி ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. கழிப்பறைக்குப் பூட்டு. ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடுவார்கள், பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். கடைசியில் தலைமை ஆசிரியைதான் தன் சம்பளத்தில் மோட்டார் கட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று விசாரித்தேன்.

முதலில் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம், 30 பிள்ளைகள் வரை வருடத்துக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. 28 பேர் படிக்கிற பள்ளிக்கு மீதி 9,000, அதாவது மாதம் 750 ரூபாய். சாக்பீஸ், பழுது, விளையாட்டுப் பொருள் எல்லாம் அதற்குள். தலைக்கு வகுத்தால் சின்னப் பள்ளிக்குத்தான் அதிகம் என்பார்கள், கணக்கு சரிதான், ஆனால் மோட்டார் கட்டும் கூலி 28 பேருக்கும் ஒன்றுதான் 280 பேருக்கும் ஒன்றுதான். டவுன் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், கொடுக்க முடிந்த பெற்றோர் இருக்கிறார்கள். வேன் கட்டணம் கட்ட முடியாத கூலி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கிற பள்ளிக்கு யார் இருக்கிறார்கள்?

30 பேர் இருக்கிற பள்ளியில் இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் மானியம் 15,000 ரூபாய் கூடும். அதனால் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சேர்த்துவிடுங்கள், சேர்த்ததும் அவர்கள் பெயர் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். மானியம் வந்ததா, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். தேவையைத் தீர்மானமாக எழுதவையுங்கள். ‘கழிப்பறை சரியில்லை’ என்று எழுதினால் போதாது, ‘ஒன்றரை எச்.பி. மோட்டார் பழுது, ஒரு மாதமாகத் தண்ணீர் இல்லை, 28 பிள்ளைகள்’ என்று இருக்க வேண்டும். நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் பலரும் அலைகிறார்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். ஒன்றியப் பள்ளியின் கட்டடம், சுற்றுச்சுவர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், ஏனென்றால் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துடையது. அதே கோரிக்கையை அடுத்த கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள், மனுவுக்கு அது பலம்.

‘பணமே வரவில்லை’ என்று பதில் வந்தால் உடனே ஆசிரியர் மேல் பாயாதீர்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். மானியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 60 சதவீதம் ஒன்றிய அரசின் பங்கு, 2024-25க்கான அந்தப் பங்கு, ஏறக்குறைய 2,152 கோடி ரூபாய், ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேரத் தமிழ்நாடு ஒப்பந்தம் போடாத பிரச்சினையில் தரப்படாமல் நின்றது. அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத பிள்ளைகள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள், எனக்கு அது ஆறவே இல்லை.

எதற்கும் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘கடந்த மூன்று ஆண்டுகளில் இப்பள்ளிக்கு வந்த மானியம், வந்த தேதி, செலவு விவரம், ரசீது நகல்’ என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்ற கேள்விகள் வேண்டாம், அவற்றுக்குப் பதில் சொல்லாமல் நழுவ வழி இருக்கிறது. விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.