மவுண்ட் ரோடு தியேட்டர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது, அப்பா அம்மா படம் பார்த்த தியேட்டர்களைச் சென்னையில் தேடிப் பார்க்க ஆசையா? ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் தியேட்டர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேப்பில் பாதி கிடைக்காது. ஆனால் தலை நரைத்த ஆட்டோக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பலகையில் அண்ணா சாலை என்று இருக்கும். நீங்கள் மவுண்ட் ரோடு என்றே கேட்கலாம்.

ஞாயிறு வேண்டாம். ஏதாவது ஒரு வேலை நாளில், காலை பத்து மணிக்கு மேல், மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்குங்கள். முதலில் போக வேண்டியது ஒரு தபால் ஆபீசுக்கு. அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கும் பழைய கட்டடம்தான் 1913இல் வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர். பேசாத படங்களின் காலம் அது. சில ஆண்டுகளிலேயே படம் காட்டுவது நின்றுபோக, தபால் துறை இடத்தை வாங்கிக்கொண்டது. ஒரு காலத்தில் படம் ஓடிய இடத்தில் இப்போது தபால்தலை விற்கிறார்கள். உங்கள் புகைப்படத்தையே தபால்தலையாக அச்சிட்டுத் தரும் 'மை ஸ்டாம்ப்' வசதியைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். அரசு அலுவலகம் என்பதால், படம் எடுக்கும் முன் ஊழியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சீக்கிரமே தபால் ஆபீஸ் ஆகிவிட்டதால்தான் இந்தக் கட்டடம் தப்பியது என்பது என் கணிப்பு. கடைசிவரை சினிமாவாகவே இருந்தவற்றின் கதை வேறு. டிவி, வீடியோ கேசட், கேபிள், அப்புறம் மால்களுக்குள் மல்டிபிளெக்ஸ் என்று ஒவ்வொன்றாக வந்து கூட்டத்தைக் குறைத்தன. மவுண்ட் ரோட்டு நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. ஆயிரம் சீட்டுக்கு ஆள் பிடிப்பதைவிட இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவது லாபம் என்று முதலாளிகள் கணக்குப் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

ரகுபதி வெங்கையா 1914இல் கட்டிய கெயிட்டி அப்படித்தான் போனது. சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அது. சிவாஜி குடும்பத்தின் சாந்தி 1961இலிருந்து 2016 வரை ஓடியது; இன்று போனால் புதுக் கட்டடத்தைத்தான் பார்ப்பீர்கள். 1962இல் வந்த ஆனந்தும் இல்லை.

அதிகம் கதை கேட்டிருப்பது சஃபையரைப் பற்றித்தான் இருக்கும். 1964இல் ஜெமினி மேம்பாலம் இருக்கும் பக்கம் திறந்தார்கள். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், பாதியில் உட்கார்ந்து, விட்டுப்போன முதல் பாதியை அடுத்த சுற்றில் பார்த்துவிட்டு எழுந்து வரலாம். ஏசியில் தூங்கவே டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு என்பார்கள். உங்கள் அப்பா கல்லூரிக்கு மட்டம் போட்டவர் என்றால் மெல்லக் கேட்டுப் பாருங்கள். 1994இல் மூடி இடித்தார்கள். நெடுங்காலம் அந்த இடம் வெறும் மைதானமாகவே கிடந்தது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்தால் போதும்.

மதியம் சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் போங்கள். 1880களில் எழுந்த சிவப்புச் செங்கல் கட்டடம். கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்து, ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி கட்டியது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் குழுவான சுகுண விலாச சபா இங்கேதான் நாடகம் போட்டது. சென்னை மக்களுக்கு முதன்முதலில் அசையும் படம் காட்டியதும் இங்கேதான். பொதுச் சொத்தாக இருந்ததால் பாழடைந்தாலும் நின்றது, பிறகு புதுப்பித்தார்கள்.

மாலையில் படம் பார்க்க மறுபடி மவுண்ட் ரோட்டுக்கே வாருங்கள். 1970இல் திறந்த தேவி இன்னும் ஓடுகிறது. அதே வளாகத்தில் உள்ள தேவி பாரடைஸில் டிக்கெட் கிடைத்தால் விடாதீர்கள். படிக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் சாய்தளம் அங்கே உண்டு. குழந்தைகள் அதில் ஓடாமல் இருக்க மாட்டார்கள். வெளிநாட்டு கார்டை புக்கிங் ஆப் சில நேரம் ஏற்காது. கொஞ்சம் முன்னதாகவே போய் கவுன்டரில் வாங்கிவிடுங்கள்.

மதுரைக்கும் போகிறீர்கள் என்றால், 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை இருக்கிறது. தியேட்டரைப் பார்க்க முடியாது, சேலை எடுக்கலாம். அங்கிருந்து ரயில் நிலையப் பக்கம் வந்தால் விக்டோரியா எட்வர்டு மன்றம். பகலில் வாசகசாலை, மாலையில் ரீகல் டாக்கீஸ் என்று இரண்டு வேஷம் போட்ட கட்டடம். அந்தக் கால மதுரைக்காரர்கள் ஆங்கிலப் படம் பார்க்க வந்தது இங்கேதான். கோவையில் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் தியேட்டர் பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, அதுவும் போய்விட்டது. வெரைட்டி ஹால் ரோடு என்ற தெருப்பெயர் மட்டும் இருக்கிறது. அதற்காக என்று தனியாகக் கோவைக்குப் போக வேண்டாம். டவுன்ஹால் பக்கம் வேலை இருந்தால் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.